நெஞ்சுக்குள்ள நாய்க்குட்டி

எங்கட விடுதிக்குப் பின்னால, பழைய தண்ணித்தாங்கிக்குக் கீழ, ஒரு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. விடுதியில பாதிப்பேர் இப்ப அங்கதான். லெக்சருக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, குட்டிகளைப் பார்க்காமல் போகமாட்டார்கள். நானும் போய் நிற்பேன். ஆனால் தூக்கமாட்டேன், மடியில வைக்கமாட்டேன். என்ர அறைத்தோழி இதைக் கவனிச்சிட்டாள். "என்னடி, நாய்க்குப் பயமோ?"

பயமில்லை. எனக்கு நாய் என்றால் உயிர். அன்றிரவு அவளுக்கு என் வலப்பக்க விலாவில இருக்கிற தழும்பைக் காட்டினேன். முதுகுப் பக்கம் தொடங்கி நெஞ்சுக்குக் கீழ வரைக்கும் வளைஞ்சு வரும். இரண்டு வருசம் ஒரே அறையில இருந்தும் அவள் அதைக் கண்டதில்லை, நான் காட்டினதுமில்லை.

"நாய் கடிச்சதோ?"

"இல்லை, நாய்ப்புழு."

சிரிச்சாள். நான் சிரிக்காததைப் பார்த்திட்டு நிறுத்தினாள். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், சொல்லேக்க எனக்கே தெரியாமல் இருந்த ஒன்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது 2003 இல், தமிழ்நாட்டில், வேலூர்ப் பக்கம் ஒரு அகதி முகாமில். அம்மாவும் அப்பாவும் 1990 இல் சின்னப் பிள்ளைகளாக மன்னாரிலிருந்து வள்ளத்தில போனவர்கள். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, என்னையும் தம்பியையும் பெற்றவர்கள். அப்பா கிழமை நாட்களில பெயின்ற் அடிக்கப் போவார். முகாம் ஆம்பிளைகள் முக்கால்வாசிப் பேருக்கும் அதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடியப்புறம் எழும்பி, ரோட்டோரத்து ஆட்டிறைச்சிக் கடைக்கு ஒத்தாசைக்குப் போவார். கடை என்றால் பெரிசா ஒன்றுமில்லை. ஒரு புளியமரம், கொப்பில தொங்கிற கொக்கி, கீழ ஒரு மரக்குத்தி. அங்கேயே அறுத்து, அங்கேயே உரிச்சு, அங்கேயே நிறுத்துக் குடுப்பினம். கூலியோட கொஞ்சம் குடலோ தலையோ கிடைக்கும். ஞாயிறு மத்தியானம் எங்கட வீட்டில இறைச்சி மணக்கும்.

மணி எங்கட நாய். உண்மையில முகாமின்ர நாய், ஆனால் படுக்கிறது எங்கட வாசலில. மண்ணிறம், ஒரு காது பாதிதான். ஞாயிற்றுக்கிழமைகளில அப்பாவுக்குப் பின்னால புளியமரத்தடிக்குப் போய், அப்பாவுக்கு முன்னால வீட்டுக்கு ஓடிவரும். நான் அதின்ர வயிற்றில தலைவைச்சுப் படுப்பேன். முகத்தை நக்கும். அம்மா ஏசுவா. ஏசினால் கேட்கிற வயதோ அது?

2012 இல் யூ.என்.எச்.சி.ஆர். மூலமாக விமானத்தில இலங்கைக்கு வந்தோம். எல்லாரும் "திரும்பி வந்தவர்கள்" என்றுதான் எங்களைச் சொன்னார்கள். நான் எங்கயிருந்து திரும்பினேன்? இந்த மண்ணை அதுக்கு முதல் கண்ணால கண்டதில்லை. மணியைக் கொண்டுவர ஏலாது. முகாமில அப்பாவின்ர கூட்டாளி ஒருவரிட்ட விட்டிட்டு வந்தனாங்கள். விமானத்தில முதன்முதலா ஏறின சந்தோசம் கூட எனக்கு இருக்கேல்லை, அழுதுகொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்தில "என்னங்க, வாங்க" என்று வாயைத் திறந்தவுடன வகுப்பே சிரிக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டதை விட "இந்தியாக்காரி" என்று கூப்பிட்டதுதான் கூட.

2013, ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் வருசம் என்பதால வகுப்பு, பின்னேர வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு. எனக்கு ஒரு வறட்டு இருமல் வந்து போகமாட்டன் என்று நின்றது. பாணி மருந்து மூன்று போத்தல் முடிஞ்சுது. எக்ஸ்றே எடுத்தார்கள். வலது நுரையீரலில வட்டமா, வெள்ளையா ஒன்று. அந்தக் காலத்தில அம்மாவின்ர காதில விழுந்த சொல் "கசம்". சளியைச் சோதிச்சார்கள், கசக்கிருமி இல்லை. திரும்பச் சோதிச்சார்கள், இல்லை. ஆனால் அந்தச் சொல் எங்களுக்கு முதலே ஊருக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. வகுப்பில எனக்குப் பக்கத்தில இருந்த பிள்ளையை இடம் மாற்றி விட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லமாட்டேன். அந்த ரீச்சர் இப்ப என்னைக் கண்டால் அன்பாத்தான் கதைப்பா.

பிறகு ஒருநாள், கணக்குப் பாடம். நல்லா ஞாபகம். இருமினேன். வாய் நிறையத் தண்ணி வந்தது. இரத்தமில்லை, சளியில்லை, தண்ணி. உப்பு. கடல் தண்ணியை வாயில அள்ளின மாதிரி. தண்ணியோட வெள்ளையா மெல்லிய தோல் துண்டுகளும் வந்தன. அவிச்ச முட்டையின்ர வெள்ளைக்கருவை மெலிசா உரிச்ச மாதிரி. கொஞ்ச நேரத்தில உடம்பெல்லாம் தடிச்சுக் கடிக்கத் தொடங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிட்டுது. அதிபரின்ர மோட்டச்சைக்கிளில அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனது மட்டும் பிறகு ஞாபகமிருக்கு.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே புது எக்ஸ்றேயைப் பார்த்த ஒரு இளம் டொக்டர்தான் பெயரைச் சொன்னார். ஹைடற்றிட் கட்டி. நுரையீரலுக்குள்ள தண்ணிப் பை ஒன்று வளர்ந்து, அது மூச்சுக்குழாய்க்குள்ள உடைஞ்சிருக்கு. பாதித் தண்ணி வெளியில வந்திட்டுது, உட்தோல் கழன்று மிச்சத் தண்ணியில மிதக்குது. எக்ஸ்றேயில அந்தத் தோற்றத்துக்கு மருத்துவத்தில வைச்சிருக்கிற பேர் நீராம்பல் அறிகுறி என்று பிறகு வாசிச்சேன். எனக்குள்ள ஆம்பல் மிதந்திருக்கு. தமிழ்ப் பாடம் எடுக்கிற என்ர பட்ச் ஆட்கள் இதைக் கேட்டால் கவிதை எழுதியே முடிச்சிடுவார்கள்.

டொக்டர் ஒரு துண்டுக் கடதாசியின் பின்பக்கத்தில வட்டம் ஒன்று கீறினார். ஒரு பக்கம் நாய், மற்றப் பக்கம் ஆடு. வட்டத்துக்கு வெளியில ஒரு சின்னப் பிள்ளை. நாய் மாடு மாதிரி இருந்தது. எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

"நாய் வளர்த்தனீங்களோ?"

"ஓம், இந்தியாவில" என்றா அம்மா.

"ஆடு?"

"இல்லை டொக்டர், ஆடு வளர்க்கேல்லை."

அப்பா பக்கத்தில நின்றார். ஒன்றும் கதைக்கேல்லை. அப்பா அப்படித்தான், ஆஸ்பத்திரியில வாய் திறக்கமாட்டார் என்று நான் நினைச்சேன்.

ஒப்பரேசன் பற்றிக் கூடச் சொல்ல ஒன்றுமில்லை, நான் மயக்கத்தில இருந்தேன். எழும்பினபோது விலாவில ஒரு குழாய், அதின்ர மற்ற நுனி கட்டிலுக்குக் கீழ ஒரு போத்தலுக்குள்ள. நான் மூச்சுவிட விட போத்தலில தண்ணி குமிழி விடும். வாட்டிலிருந்த மிஸ்ஸி ஒருவர் "குமிழியை எண்ணு பிள்ளை, நூறு வந்தா சொக்லேட்" என்றா. எண்ணினேன். தந்தா. அந்தக் கட்டி தோடம்பழம் அளவு இருந்ததாம். தம்பிக்கும் ஸ்கான் பண்ணினார்கள், அவனுக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஈரலிலும் இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். பிறகு மூன்று மாதம் அல்பெண்டசோல் குளிசை. இருபத்தெட்டு நாள் போடுறது, பதினாலு நாள் விடுறது, பிறகும் போடுறது. இடையில ஈரல் பழுதாகேல்லையோ என்று இரத்தம் குத்தி எடுக்கிறது. பூச்சிக்குளிசை வகைதான் அது. ஆனால் பூச்சிக்கு ஒருநாள் ஒன்று விழுங்கிறதைப் போல இது ஒரே நாளில முடியிற விசயமில்லை.

புலமைப்பரிசில் எழுதேல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன முதல்நாளே புதுக்கதை காத்திருந்தது. எனக்கு நெஞ்சுக்குள்ள நாய்க்குட்டி வளர்ந்ததாம், டொக்டர்மார் வெட்டி எடுத்ததாம். ஒரு பெடியன் என்னைக் கண்டால் குரைப்பான். சாதாரணதரம் வரைக்கும் குரைச்சான்.

வீட்டில இரண்டு சட்டம் வந்தது. நாய் கிடையாது, ஆட்டிறைச்சி கிடையாது. இறைச்சியால இது வராது என்று டொக்டர் சொல்லித்தான் விட்டவர், அம்மா நம்பேல்லை. அம்மாவுக்கு எல்லாத்துக்கும் காரணம் மணி. "அந்த நாயோட உருண்டு பிரண்டதாலதானே." அதுக்குப் பிறகு தன்னையே திட்டுவா. கை கழுவ வைக்கேல்லை, கவனிச்சுப் பார்க்கேல்லை, முகாமில ஒரு குழாய்க்கு நாற்பது குடம் வரிசையில நிற்கேக்க எங்க கழுவ வைக்கிறது என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லுவா. அப்பா எழும்பி முற்றத்துக்குப் போயிடுவார்.

இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கதை. தெரியாத பாதி போன செமஸ்டரில வந்தது. சுகாதார சமூகவியல் பாடத்துக்கு ஒரு நோயை எடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். பாதிப்பேர் டெங்கு, மிச்சப்பேர் கொரோனா, இரண்டு பேர் சிறுநீரக நோய். நான் என்னுடையதை எடுத்தேன். பத்து வயதில கையில தந்த டயக்னோசிஸ் கார்ட் முழுக்க ஆங்கிலம். அதை உண்மையில வாசிச்சது இருபத்தொரு வயதில்தான்.

விசயம் இதுதான். இது ஒரு நாடாப்புழு. நாடாப்புழு என்றவுடன மீற்றர் கணக்கில நீளமா நினைக்காதீர்கள், இது அரிசிமணி அளவும் வராது. நாயின்ர சிறுகுடலில ஆயிரக்கணக்கில இருந்தாலும் நாய் நல்ல சுகமாகவே திரியும். புழுவின்ர முட்டை நாயின் மலத்தோட புல்லில, மண்ணில, தண்ணியில விழும். மேய்கிற ஆடு விழுங்கும். ஆட்டின்ர ஈரலிலும் நுரையீரலிலும் அது தண்ணிக் கட்டியா வளரும். அந்த ஈரலை நாய் தின்றால் கட்டிக்குள்ள இருக்கிற புழுத்தலைகள் நாயின் குடலில போய்ப் பெரிய புழுவாகும். வட்டம் முடிஞ்சுது. இந்த வட்டத்துக்கு மனிசர் தேவையே இல்லை. நாங்கள் தற்செயலா முட்டையை விழுங்கி, ஆட்டின்ர இடத்தில போய் நிற்கிறோம். கட்டி வளர வருசக்கணக்கு எடுக்கும். நான் விழுங்கினது நாலு வயதிலோ ஐந்து வயதிலோ. நாங்கள் விமானத்தில கொண்டுவந்த பொதிகளோட அதுவும் எனக்குள்ள இருந்து வந்திருக்கு. பெரியாக்களுக்குக் கூடுதலா ஈரலில்தான் வரும். பிள்ளைகளுக்கு நுரையீரலில வருவது பெரியாக்களை விடக் கூட, பிள்ளைகளின் நுரையீரல் இளகி இடம் விடுவதால அங்கே கெதியாவும் வளரும்.

கட்டுரைக்கு ஐஸ்லாந்தை எடுத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில உலகத்திலேயே இந்த நோய் மிக மோசமா இருந்த இடங்களில அது ஒன்று. ஆடும் நாயும் மனிசரும் ஒரே பண்ணையில, நீண்ட குளிர்காலம் முழுக்க ஒன்றா. 1863 இல் ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க்காரர் அங்கே போய் நூறு நாய்களை அறுத்துப் பார்த்தார். இருபத்தெட்டில இந்தப் புழு. அடுத்த வருசம் அவர் எழுதின ஒரு சின்னப் புத்தகம் ஐஸ்லாந்து மொழியில அச்சாகி வீடு வீடாக இலவசமாகப் போனது. ஆடு வெட்டினால் கட்டி உள்ள உறுப்புகளை நாய்க்குப் போடாதே, எரி அல்லது புதை என்பது அதில முக்கியமான விசயம். அங்கே சனத்துக்கு எழுத வாசிக்கத் தெரியும். இரவில வீட்டில ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கம்பளி பின்னிக்கொண்டு கேட்கிற பழக்கமும் இருந்தது. 1869 இல் சட்டம் வந்தது, 1890 இல் இன்னொரு சட்டம். நாய்களுக்குப் புழு மருந்து குடுக்கிறது, கழிவைப் புதைக்கிறது. ரேக்யவிக் நகரத்தில 1924 இல் நாய் வளர்க்கவே தடை போட்டார்கள், அறுபது வருசம் கழிச்சுத்தான் அதைத் தளர்த்தினார்கள். எனக்கு அந்தத் தடையில அவ்வளவு விருப்பமில்லை, அது அம்மாவின்ர சட்டம் மாதிரி. ஆனால் தடை வர முதலே, புத்தகத்துக்கும் முதல் சட்டங்களுக்கும் பிறகு பிறந்த பிள்ளைகளில இந்த நோய் குறைஞ்சு குறைஞ்சு போயிட்டுது. அப்ப அல்பெண்டசோல் இல்லை, ஸ்கான் இல்லை, எக்ஸ்றே கூட 1895 க்குப் பிறகுதான். ஆடு பண்ணையில வெட்டுப்படாமல் உயிரோட ஏற்றுமதியானதும் உதவியது என்கிறார்கள், புத்தகத்துக்கு மட்டும் முழுப் புகழையும் குடுக்க ஏலாது. என்றாலும் கலைப்பீடத்தில படிக்கிற எனக்கு, வாசிப்பு ஒரு நோயைத் துரத்தின கதை பிடிக்காமல் போகுமோ?

"கட்டி உள்ள உறுப்புகளை நாய்க்குப் போடாதே" என்பதை மொழிபெயர்த்து எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் என் கை நின்றது. புளியமரம். ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்குப் பின்னால போய் முன்னால ஓடிவருகிற மணி.

அன்றிரவு அப்பாவுக்குக் கோல் எடுத்தேன்.

"அப்பா, இந்தியாவில ஆடு உரிக்கேக்க ஈரலில தண்ணிக் கொப்புளம் மாதிரி ஏதும் கண்டிருக்கிறீங்களோ?"

"ஓம், சில ஆட்டில இருக்கும். வெள்ளையா. வயசு போன ஆடெண்டா கூட."

"அதை என்ன செய்வீங்கள்?"

"சனம் வாங்காதே. வெட்டி எறியிறதுதான்."

"எங்க?"

ரீவிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது, முற்றத்துக்கு வந்திட்டார் போல.

"மணிக்குத்தான் பிள்ளை."

நான் ஒன்றும் சொல்லேல்லை. அவரே தொடர்ந்தார். "டொக்டர் அண்டைக்கு வட்டம் கீறிக் காட்டேக்கயே எனக்கு விளங்கிட்டுது. ஆடு இருக்கோ எண்டு கேட்டார். அம்மா இல்லை எண்டிட்டா. எனக்குச் சொல்ல வாய் வரேல்ல. நீ குழாயும் கையுமா அங்க படுத்திருக்கிறாய், நான்தான் குடுத்தனான் எண்டு என்னெண்டு சொல்லுறது?"

பன்னிரண்டு வருசம். அம்மா மணியைத் திட்டினபோதெல்லாம் அவர் எழும்பி முற்றத்துக்குப் போனது ஏன் என்று எனக்கு அப்பதான் விளங்கிச்சு. கோபம் வந்ததோ என்றால், வந்தது. குடுத்ததுக்கில்லை. அவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது, அந்த மரத்தடியில நாவைத் தொங்கப்போட்டு நின்ற பத்து நாய்க்கும் தெரியாது. மணியிட்டத்தான் எனக்கு வந்தது என்றும் அடிச்சுச் சொல்ல ஏலாது, முட்டை மண்ணில மாதக்கணக்கில கிடக்கும், வேறெந்த நாயாகவும் இருக்கலாம். இதெல்லாம் அவருக்குச் சொன்னேன். கோபம், அம்மாவைத் தனியப் பழி சுமக்க விட்டதுக்கு. அதையும் சொன்னேன். கொஞ்சம் உரத்தும் சொல்லிட்டேன்.

எல்லாத்தையும் கேட்டிட்டு அப்பா ஒன்றுதான் கேட்டார். "அப்ப அந்த மரத்தடியில விளையாடின மற்றப் பிள்ளையள்?"

இது எனக்கு வரவேயில்லை. நான் என்ர தழும்பு, என்ர நாய், என்ர அப்பா என்றே நின்றிட்டேன். முகாம் இன்றைக்கும் இருக்கு. கூட்டாளி இன்றைக்கும் அங்கதான். கடையும் இருக்காம், மரத்துக்குப் பதிலா தகரக் கொட்டில்.

அடுத்தநாள் ஒரு பக்கம் எழுதினேன். அப்பா வாட்ஸ்அப்பில கூட்டாளிக்கு அனுப்பினார். அங்கத்தைய ஆட்களுக்கு என்பதால பள்ளிக்கூடத்தில என்னைச் சிரிச்ச அதே பாஷையில எழுதினேன். ஈரல்ல, நுரையீரல்ல தண்ணிக் கட்டி இருந்தா நாய்க்குப் போடாதீங்க. ஆழமா புதைங்க, நாய் தோண்டக் கூடாது. இல்லைன்னா அரை மணி நேரம் நல்லா கொதிக்க வைங்க. நாய்க்குப் புழு மாத்திரை எதுன்னு கால்நடை டாக்டர்கிட்ட கேளுங்க. நாயைத் தொட்டா பசங்க கை கழுவணும். நாயை அடிச்சுக் கொல்லாதீங்க, அது தப்பு பண்ணல. கீழ ஒரு வட்டம் கீறினேன். என்ர நாயும் மாடு மாதிரித்தான் வந்தது.

கூட்டாளி ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். இரண்டு நாள் கழிச்சு ஒரு குரல் பதிவு. கடைக்காரர் வாசிச்சாராம், "இத்தனை வருசமா யாரும் சொல்லலியே" என்றாராம். செய்வாரோ தெரியாது. குழி வெட்ட அந்தக் கொட்டிலுக்குப் பின்னால இடமிருக்கோ என்றும் யோசிச்சேன், ரோட்டோரம் அது.

இங்கே இந்த நோய் அரிது, அதனால விடுதிக் குட்டிகளைத் தூக்குகிறவர்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. பூச்சிமருந்து குடுங்கள், கையைக் கழுவுங்கள், அவ்வளவுதான். போன கிழமை ஒருத்தி தாய்நாய்க்கு என்று இறைச்சிக் கடையில பச்சை ஈரலும் குடலும் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் பறிச்சுக்கொண்டு போய்க் குசினியில அவிச்சேன். அரை மணித்தியாலம். அந்த மணத்துக்கு மேல்மாடியிலிருந்து எனக்கு விழுந்த ஏச்சை இங்கே எழுத ஏலாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோல் எடுத்தா. குரல் ஒரு மாதிரி இருந்தது, அழுதிருப்பா போல. அப்பா எல்லாம் சொல்லிட்டாராம். மணியைப் பற்றி ஒன்றும் கதைக்கேல்லை. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிட்டுக் கேட்டா:

"அப்ப, ஆட்டிறைச்சி திண்டா அது வராதோ?"

"வராதம்மா. டொக்டர் அப்பவே சொன்னவர்."

"அப்ப பன்னிரண்டு வருசம் சும்மாவோ தின்னாமல் இருந்தனாங்கள்?"